கடன் வாங்கிய ஊக்கம்

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என்னிடம் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி தொலைபேசியில் அழைத்தார். மண்ணச்சநல்லூருக்கு அப்பால் ஒரு கிராமம். தனியார் பள்ளியில் தமிழாசிரியை. நான்கு வயதில் ஒரு பையன். இரண்டு இயல்களை எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது பதினான்கு மாதமாக நகரவில்லை. "மேம், பதிவ ரத்து பண்ணணும்னா லெட்டர் எப்படி எழுதணும்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "மனசு வச்சா முடியாததுன்னு ஒண்ணு இருக்காம்மா? நான் முடிக்கலையா?"

"சரிங்க மேம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நெறியாளர்களிடம் நாம் எல்லோரும் சொல்லியிருக்கிற 'சரிங்க' அது. உரையாடல் முடிந்துவிட்டது, இனி உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று பொருள். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் என் இரண்டாவது வாக்கியம் தொண்டையில் நின்றது. நான் முடித்தேன் என்பது உண்மை. மனசு வைத்ததால் முடித்தேன் என்பது உண்மையா?

ஊக்கம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் குறளின் அறுபதாவது அதிகாரம் நினைவுக்கு வரும். ஊக்கமுடைமை, அடுத்து மடியின்மை, அடுத்து ஆள்வினையுடைமை. கல்லூரி விடுதிச் சுவர்களில் இந்த மூன்றிலிருந்துதான் குறள்களை எழுதிப்போடுவார்கள். (மடி என்றால் சோம்பல், பிள்ளை கிடக்கிற இடமும் மடிதான். கைக்குழந்தையோடு ஆய்வு செய்த எந்தப் பெண்ணும் இந்த அதிகாரத் தலைப்பை ஒருமுறையாவது முறைத்துப் பார்த்திருப்பாள்.) இந்த அதிகாரங்கள் இருக்கும் இடத்தை நாம் கவனிப்பதில்லை. பொருட்பாலில், அரசியல் என்ற பகுப்பில், 39 முதல் 63 வரையுள்ள அதிகாரங்களுக்குள் இருக்கின்றன. அரசனை முன்னிறுத்திச் சொன்னவை. அந்த அரசனுக்கு ஊக்கத்தைச் சொல்வதற்கு முன்பே 45இல் பெரியாரைத் துணைக்கோடல், 49இல் காலமறிதல், 50இல் இடனறிதல், 53இல் சுற்றந்தழால் எல்லாம் சொல்லியாகிவிட்டது. துணை, காலம், இடம், சுற்றம் எல்லாம் அமைந்த பிறகு வருகிறது ஊக்கம். உரைகாரர்களும் ஆசிரியர்களும் அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஒரு பெண்ணிடம் நாம் கொடுப்பது அறுபதாவது அதிகாரத்தை மட்டும் கிழித்தெடுத்த தாளை. முன்னால் உள்ள பக்கங்களை அவள் கேட்டால் சாக்குச் சொல்கிறாள் என்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். 2005இல் பதிவு செய்தேன். சங்க அகப்பாடல்களில் தோழி கூற்று என்பது தலைப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து மத்தியப் பேருந்து நிலையம், அங்கிருந்து புதுக்கோட்டைச் சாலையில் பல்கலைக்கழகம். காவிரிப் பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் என் ஆய்வு நேரம் என்று தோழிகளிடம் கேலியாகச் சொல்வேன். 2007இல் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மூன்றாம் இயலில் ஒரு பக்கமும் எழுதவில்லை. அப்போதைய என் நெறியாளர், "உனக்கு ஆர்வம் குறைஞ்சிடுச்சு" என்றார். நானும் அதை நம்பினேன். நம்பியதுதான் மோசம். ஆர்வம் குறைந்தவள் என்று என்னை நானே எடுத்துக்கொண்ட பிறகு, கிடைத்த ஒரு மணி நேரத்திலும் துணி மடித்தேன்.

2012இல் வாய்மொழித் தேர்வு நடந்தது. இடையில் என்ன மாறியது? என் நாத்தனார் எங்களோடு வந்து தங்கினார். கணவரின் அக்கா, கணவரை இழந்தவர். காலையில் என் மகளைத் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். பதினோரு மணிக்குத்தான் வருவார். "நீ எழுது, நான் பாத்துக்கறேன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். தூக்கிக்கொண்டு போவார், அவ்வளவுதான். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் குறுந்தொகையில் நாளுக்கு ஒரு பாட்டு என்று அட்டை எழுதினேன். 401 பாடல்கள். சில நாட்கள் மனம் ஒட்டவே ஒட்டாது. ஒட்டாவிட்டாலும் ஒரு பாட்டு எழுதலாம். ஊக்கமே இல்லாத நாளிலும் செய்யக்கூடிய அளவு வேலை எது என்று கண்டுபிடித்துக்கொண்டதுதான் அந்த ஆண்டுகளில் நான் கற்ற ஒரே ஆய்வு முறை. அதையும் கற்க அந்த இரண்டரை மணி நேரம் முதலில் வேண்டியிருந்தது.

என் நாத்தனார் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டோடு நின்றவர். தாவரவியல். கல்யாணத்துக்காக நிறுத்தினார்கள். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி, நூலகங்களுக்கு ஒரு பத்தி, 'குடும்பத்தாருக்கு' ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எங்கோ அவர் இருக்கிறார்.

தோழியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவள் நான். தோழி செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். தலைவிக்காகத் தூது போவாள், தாயிடம் பொய் சொல்வாள், தலைவனை இடித்துரைப்பாள், வரைவுக்கு வழி செய்வாள். அகப்பாடல்களில் கணிசமானவை அவள் வாயிலிருந்து வருபவை. ஆனால் அவளுக்கென்று ஒரு காதல், ஒரு பிரிவு, ஒரு திணை இல்லை. இதை என் ஆய்வேட்டில் ஒரு கண்டடைவாகவே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் பாராட்டும் கிடைத்தது. அதை எழுதிய காலைகளில் திண்ணையில் என் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவர் யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்ரீரங்கத்துக் குழந்தைகளுக்குத் தெற்கு ராஜகோபுரம் பழைய கோபுரம் அல்ல. அது பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்று, மொட்டைக் கோபுரம் என்றே பெயர் வாங்கியது. 13 நிலை, 236 அடியாக எழும்பிக் குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச்சில். எனக்கு ஏழு வயது. அப்பா தோளில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. பாட்டி கடைசிவரை அதை மொட்டைக் கோபுரம் என்றுதான் சொன்னாள். ஏன் நின்றுபோனது என்று கேட்டால் ஊரில் போர் என்பார்கள், ஆட்சி மாறியது என்பார்கள், பணம் என்பார்கள். கட்டியவர்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல் கட்டடம் பாதியில் நின்றால் வரலாற்றைக் கேட்கிறோம். பெண்ணின் ஆய்வேடு பாதியில் நின்றால் அவள் குணத்தைக் கேட்கிறோம்.

எதிர் உதாரணங்கள் உடனே வரும். இதே ஸ்ரீரங்கத்தில் பத்து வயதில் மருமகளாக வந்த ரங்கநாயகி, பள்ளிக்கூடம் போகாமலே படித்து, 'குமுதினி' என்ற பெயரில் 1930களில் ஆனந்த விகடனில் எழுதவில்லையா? எழுதினார், அவர் கட்டுரைகளை நான் வகுப்பில் பாடமாகச் சொல்கிறேன். ஆனால் ஒரு சாதனைப் பெண்ணை எடுத்து இன்னொரு பெண்ணை அடிக்கும் பிரம்பாக ஆக்குவது குமுதினிக்குச் செய்யும் மரியாதை இல்லை.

எழுத்தாளர் லட்சுமியின் கதை இன்னும் தெளிவானது. திரிபுரசுந்தரி, திருச்சி மாவட்டத்துக்காரர், 1921இல் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டால் பணம் கட்ட முடியாமல் போனது. அவர் எஸ்.எஸ். வாசனிடம் போய்த் தன் கதைகளை வெளியிட முடியுமா என்று கேட்டார். கதைக்குக் கிடைத்த பணத்தில் படிப்பு தொடர்ந்தது. மருத்துவரானார், பின்னாளில், 1984இல், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இதை விடாமுயற்சிக் கதையாகவே மேடைகளில் சொல்கிறோம். விடாமுயற்சி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது தேவைப்பட்டது கல்லூரிக் கட்டணம். கேட்டார், கிடைத்தது. கேட்கும் துணிவை அவருடைய குணம் என்று சொல்லுங்கள். கிடைத்ததை அவருடைய குணம் என்று சொல்லாதீர்கள்.

விதிகளுக்கும் இது ஓரளவு தெரிந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. நல்லதுதான். ஆனால் அது கொடுக்கும் நேரம் ஆய்வுக்காலத்தின் கடைசியில் ஒட்டப்படுகிறது. இல்லாத நேரமோ ஒவ்வொரு நாளின் நடுவிலும் இருக்கிறது.

அப்படியானால் ஆய்வாளருக்குப் பொறுப்பே இல்லையா என்று என் சக ஆசிரியை கேட்டார். இருக்கிறது. மூன்றாம் இயல் நிற்பதற்குப் பிள்ளையும் அடுப்பும் மட்டும் காரணமல்ல. முதல் இரண்டு இயல்களை அறியாமையின் தைரியத்தில் எழுதிவிடுகிறோம். மூன்றாவதில்தான் நமக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிகிறது. அந்தப் பயம் ஆய்வாளருடையது. அதை வேறு யாரும் சுமக்க முடியாது. ஆனால் களைத்துப்போனவளால் தன் பயம் எது, களைப்பு எது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது. நான் அந்த வெள்ளிக்கிழமை கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உனக்கு இந்த ஆய்வு வேண்டாமா, இல்லை முடியவில்லையா? வேண்டாம் என்பது ஒரு முடிவு. அதை மதித்துக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். முனைவர் பட்டம் வாங்காமல் நன்றாக வாழ்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முடியவில்லை என்பது முடிவல்ல, ஒரு தகவல். நான் இரண்டையும் கேட்காமல் என்னையே உதாரணம் காட்டினேன்.

மறுநாள் நானே அழைத்துக் கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேணும் மேம்" என்றார். சனிக்கிழமைதோறும் பையனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். மாடி அறையில் மேசை இருக்கிறது. மூன்று மணி நேரம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பையனை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

முதல் சனிக்கிழமை அவர் மாடிக்குப் போனதும் நான் பையனைப் பார்த்துக் கையை நீட்டினேன். அதற்குள் நாத்தனார் அவனை இடுப்பில் எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, முட்டிவலி.

"அண்ணி, கொடுங்க, இன்னைக்கு நான்தான் பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"உனக்குப் பேப்பர் திருத்தற வேலை இல்லையா?" என்றார்.

இருந்தது, நாற்பது விடைத்தாள். இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பையனை இறக்கிவிட்டார். அவன் என்னிடம் வராமல் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாசல் படியில் உட்கார்ந்து, அவன் வருகிறானா என்று காத்திருந்தேன். நாத்தனார் உள்ளே போய், எதுவும் செய்யாமல், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார்.