ஏகமனதாக

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடிக்க விரைந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு, அத்திப்பட்டில் எங்கள் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒருவர் காத்திருந்தார். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கையாளும் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். வரலாறு படிக்க விரும்பினாள். பரிந்துரைக் கடிதம் கேட்க வந்தவர், கடிதம் பயன்படாது என்பதையும் தாமே அறிந்து வந்திருந்தார்.

"நம்ம காலேஜிலே அந்த வகுப்பே இப்ப இல்லையாம், சாமி. பி.காம். இருக்காம். அதுக்குக் கட்டுற பணம் நமக்குத் தாங்காது. அந்த வகுப்பை எடுத்துடலாம்னு யாரு சாமி முடிவு பண்ணினது?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்பவரைப் போலத்தான் கேட்டார். ஆனால் எனக்குப் பதில் தெரியும். முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கல்லூரியின் பெயர் இங்குத் தேவையில்லை. நடந்தது 2012-ஆம் ஆண்டு. மறைமாவட்டத்தின் சார்பில் ஆட்சிக்குழு உறுப்பினராக நான் அங்கு இருந்தேன். பிற்பகல் நான்கு மணிக்குக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் பதினான்கு பொருள்கள். வரலாற்று வகுப்பு ஒன்பதாவது. அரசு உதவி பெறும் அந்த வகுப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் இருந்தன, சேர்க்கையும் குறைந்துவந்தது. அதே அறைகளில் சுயநிதி வணிகவியல் தொடங்கினால் கட்டண வருவாய் வரும், கட்டடக் கடன் அடையும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அத்துறையின் ஆசிரியர்கள் இருவர் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள். அவர்கள் கொடுத்த மனுவைச் செயலர் கையில் எடுத்து, "பெறப்பட்டது" என்று சொல்லி, கோப்பில் வைத்தார். ஐந்து நிமிடத்திற்குள் பத்தாவது பொருளுக்கு வந்துவிட்டோம். அது கழிவறைச் சீரமைப்பு. அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. (கழிவறையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு.) வரலாற்று வகுப்பைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து இருந்தது. அவர்களை உள்ளே அழைத்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றியது. சொல்லவில்லை. தலைவர் மூத்தவர், நேரமும் ஆகியிருந்தது. குறிப்பேட்டில் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதப்பட்டது, கையெழுத்திட்டேன்.

குழு எடுக்கும் முடிவுக்கு யார் பொறுப்பு? குழுவுக்கு மனசாட்சி கிடையாது. அது பாவசங்கீர்த்தனத்திற்கு வந்து முழந்தாளிடுவதில்லை. உறுப்பினர்களுக்கோ மனசாட்சி உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கைப் பதினொன்றில் ஒன்றாக வகுத்துப் பார்த்து, அது மிகச் சிறியது என்று ஆறுதல் அடைகிறோம். இவ்வகுத்தல் தவறானது என்றே எண்ணுகிறேன். பதினொருவர் சேர்ந்து ஒரு கதவைச் சாத்தினால், வெளியே நிற்பவளுக்குப் பதினொன்றில் ஒரு பங்கு கதவா சாத்தப்படுகிறது?

இவ்விடத்தில் நம் வாசகர்கள் பலரும் அறிந்திராத ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். குஜராத் பல்கலைக்கழகச் சட்டம் 1972-இல் திருத்தப்பட்டது. கல்லூரிகளின் ஆட்சிக்குழுவில் முதல்வரோடு, துணைவேந்தர் நியமிக்கும் ஒருவரும், ஆசிரியர்களின் பிரதிநிதிகளும், அலுவலர் பிரதிநிதியும், மாணவர் பிரதிநிதியும் இடம்பெற வேண்டும் என்று அது விதித்தது. ஆசிரியரை நீக்கவும் துணைவேந்தரின் ஒப்புதல் வேண்டும் என்றது. அகமதாபாத்தில் இயேசு சபையார் நடத்திய தூய சவேரியார் கல்லூரியின் சங்கம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 1974-இல் தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு, சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராய் உள்ளவர்களுக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. ஆகவே அந்த விதிகள் சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தா என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

அது நியாயமான வெற்றி. துணைவேந்தரின் கைக்குள் போகும் நிர்வாகம் நாளை ஆளுங்கட்சியின் கைக்குள் போகாது என்பதற்கு உறுதி இல்லை. ஆயினும் அந்த வெற்றியால் ஆட்சிக்குழு மேசையைச் சுற்றிச் சில நாற்காலிகள் காலியாகவே இருந்துவிட்டன. ஆசிரியரையும் மாணவரையும் அவற்றில் அமர்த்தும்படி அரசு நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பாயிற்று. நாமாக அமர்த்தக் கூடாது என்று யார் சொன்னது? நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று, கேரளக் கல்வி மசோதா பற்றி 1958-இல் கருத்துரைத்தபோதே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது.

அதைவிட அடிப்படையான வினா ஒன்று உண்டு. அந்த உரிமை யாருடையது? சாசனம் அதை ஆயருக்கோ, செயலருக்கோ, துறவற சபைக்கோ எழுதிவைக்கவில்லை. சிறுபான்மையினருக்கு எழுதிவைத்தது. அத்திப்பட்டில் கரி அள்ளுகிறவரும், பழவேற்காட்டில் வலை வீசுகிறவரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறை பார்க்கும் பெண்ணும் அந்தச் சிறுபான்மையினர். அவர்கள் பெயரால் நீதிமன்றத்தில் வென்ற உரிமையை, அவர்கள் பிள்ளைகள் நுழைய முடியாத வகுப்பைத் திறக்கப் பயன்படுத்தினோம்.

மறுப்புரைகள் எனக்குத் தெரியும். ஆசிரியர்களுக்குச் சொந்த நலன் உண்டு என்பார்கள். உண்டுதான், கட்டடக் கடன் வாங்கியவர்களுக்கும் இருந்தது. மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார் என்பார்கள். பங்குத்தந்தையர் ஐந்தாண்டில் மாற்றலாகிப் போகிறோமே! எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடவாது என்பது மட்டும் உண்மையான இடர்ப்பாடு. ஒரு கல்லூரியை நடத்த ஒரு கை வேண்டும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் கை வேறு, கேட்கும் காது வேறு.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 127-ஆம் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. சிலருடைய ஆலோசனையைக் கேட்கும்படி சட்டம் கோரும் இடத்தில், தலைவர் கேளாமல் செய்தால் அச்செயல் செல்லாது. கேட்டபின் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை; ஆயினும் ஒருமித்த ஆலோசனையை மீறுவதற்கு அதைவிடக் கனமான காரணம் இருக்க வேண்டும். கல்லூரியின் பாடப்பிரிவுக்கு இச்சட்டம் நேராகப் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வு எழுதிய நான், அன்று அதன் நிழலைக்கூட நினைவுகூரவில்லை என்பதே என் வருத்தம். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் குறை நேர்ந்தபோது, திருத்தூதர்கள் முறையீட்டைக் கோப்பில் வைக்கவில்லை. சீடர் கூட்டத்தையே அழைத்து, எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

உத்திரமேரூர் நமக்குத் தொலைவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 920-இல், அங்குப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைக்காகவே புகழ்பெற்றவை. எனக்கு அவற்றில் பிடித்தது வேறொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் அமர முடியாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபைதான் அது. கூலிக்காரனுக்கு அங்கே ஓலை இல்லை. இருந்தும் முடிவெடுப்பவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்பதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். நம் ஆட்சிக்குழுக்கள் பணக் கணக்கைத் தணிக்கையாளரிடம் காட்டுகின்றன. மூடிய வகுப்புக்கான கணக்கை யாரிடம் காட்டுகின்றன?

திண்ணையில் இருந்தவரிடம், "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு அப்ப தெரிஞ்சிருக்காது, சாமி" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் சொன்னேன்.

அவர் மகளுக்குப் பொன்னேரி அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. காலை ரயிலில் போகிறாள். நான் அந்தப் பழைய கல்லூரியின் இன்றைய செயலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த நாளின் குறிப்பேட்டில் "ஏகமனதாக" என்ற சொல் உண்மையன்று என்றும், உறுப்பினர் ஒருவருக்கு ஐயம் இருந்தும் அவர் வாய் திறக்கவில்லை என்றும், துறையின் ஆசிரியர்கள் கேட்கப்படவில்லை என்றும், இக்கடிதத்தை அடுத்த கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. தங்கள் கடிதம் பெறப்பட்டது.