நடுநிற்பார் நெஞ்சம்

கணவன் மனைவியர் பிணக்கைத் தீர்க்கப் புகுவோர் முதற்கண் அறியற்பாலது அவ்விருவர் குறையோ, தம் நெஞ்சின் சாய்வோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

காஞ்சிமாநகரில் கோர்வைப் பட்டு நெய்தற்குத் தறியில் இருவர் அமர்தல் பழைய வழக்கு. ஒருவர் நெய்ய, மற்றவர் ஒருபுறக் கரையின் நாடாவை எறிவர். அவ்விருவரும் பல இல்லங்களில் ஒரு குடும்பத்தாரே. அவர்க்குள் பிணக்கு மூளின் தறியும் நிற்கும். அதனைத் தீர்க்கவரும் குடும்பநல ஆற்றுப்படுத்துநர், மனைவியின் கண்ணீரில் தம் அன்னையைக் கண்டு கணவனை வெறுத்தலும், கணவன் சோர்வில் தம்மையே கண்டு மனைவியை வெகுளலும் கூடும். அடுத்த நிறத்தைப் பளிங்கு காட்டுமாறுபோல, உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்த முடிபன்றோ?

மேனாட்டாரும் இதனைக் கண்டனர். நோயாளியால் தன்னுள்ளத்து எழும் உணர்ச்சியை மருத்துவன் அறிந்து வெல்லல்வேண்டும் என 1910இல் பிராய்டு கூறினார். அவ்வுணர்ச்சி நோயாளியின் உள்ளத்தை அறிதற்குக் கருவியுமாம் என 1950இல் பாலா ஹைமன் எழுதினார். இருவர் பிணங்குங்கால் மூன்றாமவரையும் தம் பிணக்கினுள் இழுப்பர் என்று காட்டிய அமெரிக்க மருத்துவர் மர்ரே போவன், பயில்வோர் தத்தம் குடும்ப உறவுகளை ஆராயுமாறு பணித்தார்.

இவ்வுண்மைக்குப் பெரியபுராணத்தே சான்றுண்டு. சங்கிலியாரைப் பிரிந்து கண்ணிழந்த சுந்தரர், கச்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். ஆயினும் பரவையார் ஊடல் தணிந்திலது. இறைவர் தூது சென்றார். பரவையார் மறுத்தார். மறுக்கப்பட்டும் அவர் வெகுண்டிலர், மீண்டுஞ் சென்றார், ஊடல் தீர்ந்தது. அதனைச் செவியுற்ற ஏயர்கோன் கலிக்காமரோ, இறைவரைத் தூது விடுத்தாரே எனச் சுந்தரர்மேற் சினந்தார். பின்னர்த் தம் சூலைநோயைத் தீர்க்க அவரே வருகின்றார் என்றறிந்து, உடைவாளால் தம்முயிரையே மாய்த்தார். இறையருளால் மீண்டெழுந்து நட்புக் கொண்டமை பிற்செய்தி. தமதல்லாப் பிணக்கில் அவரை ஈர்த்தது பகையன்று, இறைவர்பால் வைத்த பேரன்பே. ஆகலின் தீய உணர்ச்சியினும் நல்லுணர்ச்சியே மிகவும் விழிப்போடு நோக்கற்பாலது.

அற்றேல், நடுநிற்பார் கல்லாதல் வேண்டுமோவெனின், வேண்டா. கல் பிறர் துயர் கேளாது. அடியுண்பாளைக் காத்தல் சாய்வுமன்று, அது கடமை. வேண்டுவது, எழுந்த சினம் அவ்வில்லத்ததோ தம்முடையதோ என நாவசையுமுன் தம்மையே வினாவுதலும், தெளியாதவிடத்து ஆசிரியர்பால் ஒளியாது உரைத்தலுமாம். தம் நெஞ்சின் நிறத்தை அறிந்தாரே பிறர் இல்லத்தின் நிறத்தை உள்ளவாறு காண்பர்.