பயணியின் சலுகையும் பிறருக்கான புட்டியும்

பயணிக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. தொழுகையைச் சுருக்கலாம், நோன்பைப் பின்னர் நோற்கலாம். அரசுகளும் சலுகை தருகின்றன. 1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தோன்றிய தீர்வையில்லாக் கடை, எல்லை கடப்போருக்கு மதுவையும் வரியின்றி விற்கும் வழக்கத்திற்கு முன்னோடியாயிற்று. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுப் பயணியர் உடைமை விதிகள் ஒருவருக்கு 2 லிட்டர் மது அனுமதித்தன.

வளைகுடாவிலிருந்து திரும்பும் நம்மவரிடம், "நீங்கள்தாம் குடிப்பதில்லையே பாய், உங்கள் பங்கில் எனக்கு இரண்டு புட்டி வாங்கி வாருங்கள்" என்கிறார் நண்பர். மறுக்க நா எழுவதில்லை. நம்மவரின் தாட்சண்யம் அத்தகையது! ஆனால் ஒருவர் சலுகையை மற்றவர் சலுகையோடு சேர்த்தலாகாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. பிறர் புட்டியைத் தமதென்று சுங்கச் சாவடியில் காட்டும்போது பொய்யும் உடன் வருகிறது.

"முஸ்லிமல்லாதாருக்காக மது சுமந்தவன் பெறும் கூலி ஆகுமானது என்று இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூறவில்லையா?" என வாதிப்போர் உளர். கூறினார்கள், அவர்தம் மாணாக்கர் அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் அதனை மக்ரூஹ் என்றார்கள். அதுவும் பிழைப்புக்காகச் சுமந்த கூலியாளைப் பற்றிய பேச்சு. நம் பயணியோ சுமப்பதோடு நிற்கவில்லை. தம் கடவுச்சீட்டைக் காட்டித் தாமே விலைக்கு வாங்குகிறார். மதுவின் பொருட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த பதின்மருள் சுமப்பவர் ஒருவர், வாங்குபவர் மற்றொருவர்.