நீர் இறங்கும் மேட்டில் ஏழு பேர்ச்

மகாவலி கடலில் சேரும் இடம் திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக்குடா. மூதூர்ப் பக்கத்து வயல்களுக்கு அந்த ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஒரு பங்கு ஊவா மாகாணத்தின் மண். உமா ஓயா, பதுளு ஓயா, லொக்கல் ஓயா மூன்றும் ஊவாவின் பதுளை மலைகள் வழியே வடக்கே இறங்கி மகாவலியில் விழுகின்றன. நமுனுகுலைப் பக்கம் ஊறும் மாணிக்க கங்கை கதிர்காமத்துக்குப் போகிறது. கிரிந்தி ஓயாவின் வழியும் தெற்குத்தான். ஊவாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கிழக்குக் கரையும் தெற்குக் கரையும் இந்த மாகாணத்தின் தண்ணீரை நம்பி இருக்கின்றன.

கழிமுகத்தின் செழிப்பை எல்லோரும் பாடுவார்கள். அந்த மண் புறப்படும் மேட்டில் இருக்கிற சனங்களைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

பிரித்தானியர் 1886இல் ஊவாவைத் தனி மாகாணமாக்கியபோது கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்தது. அதன் இடத்துக்குத் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. 1924இல் ரயில் பதுளைவரை வந்தது. தேயிலைக்கு இங்கே ஒரு தனிப் பருவம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைத்தொடரின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, ஆடி ஆவணியில் வெறும் வறண்ட கச்சான் காற்றாக அப்புத்தளை, பண்டாரவளைச் சரிவுகளில் வீசும். உதடு வெடிக்கும், கொழுந்து குறையும். அந்தக் குறைந்த கொழுந்தில்தான் உலகம் தேடுகிற ஊவா மணம் கட்டுகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்கு விலை ஏறும். கொழுந்து பறிக்கிறவளின் நாட்கூலியில் அந்த மணம் ஏறியதாக நான் கண்டதில்லை.

காணி விஷயத்துக்கு மகாவலித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1977க்குப் பிறகு வேகப்படுத்தப்பட்ட அந்தத் திட்டத்தில், குடியேறிய ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் என்று கணக்கு வைத்தார்கள். அப்படிக் குடியேற்றிய இடங்களில் ஒன்று கிராந்துருகோட்டை. அது இதே பதுளை மாவட்டம். இதே பதுளைக் கச்சேரிக்குக் கீழ் வருவது. அந்த விவசாயிக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. அவரும் காட்டோடும் யானையோடும் போராடித்தான் அந்த வயலை உண்டாக்கினார். நிலமில்லாத ஏழைக்கு நிலத்தையும் நீரையும் சேர்த்துக் கொடுக்க இந்த நாட்டு நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு அவரே சாட்சி.

அதே மாவட்டத்தின் மேட்டில், பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பிராவில் தோட்டத் தொழிலாளரின் தலைமுறைகள் பிறந்து இறந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமைக் கணக்கு 2003 வரை தீரவில்லை. காணி பங்கிட்ட வருடங்களில் மேட்டில் இருந்த பலர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். பிறகு தோட்டக் குடும்பத்துக்கும் காணி என்று வந்தபோது, அளவு 7 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச். கீழே மூன்று ஏக்கர் என்றால் 480 பேர்ச், மேலே ஏழு. அந்த ஏழும் கிடைக்காமல் இன்னும் லயத்திலேயே இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளூராட்சியிலும் இதே கதைதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினர் சபையில் உட்கார்ந்தார், அவர்கள் நடக்கிற பாதைக்கு மட்டும் பணம் இல்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

பாதைக்குப் பணம் கிடைக்காத இதே சனங்கள்தான் மலையைக் காத்தவர்கள். அவர்கள் காத்தது கான் வெட்டி. மழை நீர் சரிவுக்குள் இறங்கிவிடாமல் பக்கவாட்டில் வடிந்து ஓடைக்குப் போக, தேயிலை மலைகளில் கான் போட்டு, ஒவ்வொரு மழைக்கும் முன் மண் வாரியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். ஆள் குறைத்த இடங்களில் கான் தூர்ந்தது, மலை காடானது. பெய்த நீர் மண்ணுக்குள் ஊறி நின்றது.

இதே மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேறிடம் மாற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. சொல்லியும் ஏன் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை இன்றும் சுடுகிறது. லயம் அவர்களுடையதல்ல, தோட்டத்தில் பேர் போட்டால்தான் அந்தக் காம்பிரா. வெளியே அவர்கள் பெயரில் ஒரு பிடி மண் இல்லை. எங்கே போவார்கள்? போக ஓர் இடம் உள்ளவனுக்குத்தான் எச்சரிக்கை எச்சரிக்கையாகிறது. மற்றவனுக்கு அது முன்கூட்டியே வந்த சாவுச் செய்தி. காணி உரிமையைச் சலுகையாக, தேர்தல் வாக்குறுதியாக, வீட்டுத் திட்டமாகவே பேசிப் பழகிவிட்டோம். மழை இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போக முடிவதற்குப் பெயர்தான் காணி உரிமை.

மீரியபெத்தையில் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மலை சரிந்த பிறகு கிடைத்த நிலம், சரிவதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

பதுளை மாவட்டத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாராக இருக்கின்றன. எந்தச் சரிவின் கீழ் எந்த லயம் நிற்கிறது என்று தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் தெரியும். தேயிலை பிடுங்கிக் கைவிட்ட நிலம் எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும். அபாயச் சரிவின் அடியில் உள்ள லயங்களிலிருந்து தொடங்கட்டும். உறுதிப் பத்திரம் அந்தக் குடும்பங்களின் பெயரில் எழுதப்படட்டும், வீட்டோடு தோட்டம் வைக்கவும் இடம் விட்டு. ஊவாவின் பெருமழை ஐப்பசியில் வரும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.