தோட்டப் பாதையும் பதினாலரை அடி லொறியும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் இறங்கினாலும் சரி, ஹாலிஎல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறினாலும் சரி, இருபது வயதைத் தாண்டிய ஜப்பான் பிக்கப் ஒன்றாவது எதிரே வராமல் இராது. எல்-200 அல்லது ஹைலக்ஸ். பின்பெட்டியில் கோவா மூட்டை, லீக்ஸ் கட்டு, மறுநாள் சிமெந்து, அதற்கு மறுநாள் கல்யாண வீட்டுக் கதிரைகள். சொந்தக்காரர் பெரும்பாலும் லயத்தில் பிறந்தவர். துண்டு நிலத்தில் மரக்கறி போட்டோ, கொழும்பில் கடையில் நின்றோ சேர்த்த காசில் வாங்கிய வண்டி அது. அது இனித் தாங்காது என்று பாஸ் கைவிரிக்கும் நாளில் அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: அதே அளவில் இன்னொன்றா, பதினாலரை அடி லொறியா?

ஊரில் இதைப் பணக் கணக்காகத்தான் பேசுகிறார்கள். மாதம் எத்தனை ஹயர், லீசிங் தவணை எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும். இந்தக் கணக்கில் பேர் வராத சிலரும் அந்த வண்டியின் பாரத்தைச் சுமக்கிறார்கள் என்பதால், இதை அறக் கேள்வியாகவும் கேட்டாக வேண்டும்.

முதலில் வாங்க நினைப்பவர் பக்கம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளை அவர். குடியுரிமை திரும்பி வந்தது. குடியிருக்கும் லயக்காம்பராவுக்கு உறுதி மட்டும் இன்னும் வரவில்லை. காணி இல்லாதவருக்குத் தன் பெயரில் அரசாங்க முத்திரையோடு இருக்கக்கூடிய ஒரே பெரிய சொத்து வாகனந்தான். தோட்டத்தில் நான்கு சக்கரம் என்றால் துரையின் ஜீப் என்றிருந்த காலத்தை அவருடைய தாத்தா பார்த்திருக்கிறார். ஆகவே லயத்துப் பையனுக்கு லொறி கேட்கிறதோ என்று யாராவது நக்கலடித்தால் அதில் அறம் எதுவுமில்லை, வெறும் வயிற்றெரிச்சல். முன்னேற நினைப்பவரிடம் மட்டும் எளிமையைப் போதிப்பது நம் ஊரின் பழைய வழக்கம்.

பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டிருப்பது சிக்கனம், ஆகவே நல்லது என்பாரும் உண்டு. அதை ஏற்க முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டில், கழிக்க வேண்டிய வண்டிகளெல்லாம் ஒட்டும் வெல்டிங்குமாக ஓடின. நமுனுகுலைப் பக்கத்து வளைவொன்றில் மூட்டைகளோடு நாலு பெண்களும் பின்னால் உட்கார்ந்திருக்க, இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கும் பிரேக்கோடு இறங்குகிற வண்டியில் ஓட்டுபவர் மிச்சம்பிடிப்பது தன் காசை. பணயம் வைப்பது அடுத்தவர் உயிரை. மாற்றத்தான் வேண்டும். மிஞ்சுவது அளவு.

அளவு என்றால் பாதை. தோட்டத்துப் பாதைகள் கொழுந்தை மடுவத்திலிருந்து பெக்டரிக்குக் கொண்டுபோகப் போட்டவை. அவற்றுக்கு நெடுங்காலம் பொதுச் சொந்தக்காரரே கிடையாது. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் தடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிக்குத் தேவை கொழுந்து போகும் பாதைதான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை அதன் கணக்கில் இல்லை. சட்டத்தைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் யாரோ ஒரு அரசியல்வாதியின் நிதியில் நூறு மீற்றர் கொங்கிரீட் விழும். கொங்கிரீட்டை விடப் பெயர்ப்பலகைதான் கெட்டியாக இருக்கும்.

அந்தப் பாதையில் பாரம் என்ன செய்யும்? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பெரிய வீதிச் சோதனை ஒன்று நடந்தது. அதிலிருந்து பொறியியலாளர்கள் எடுத்த தோராய விதி இது: வீதிக்கு வரும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்காக ஏறும். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. மூன்று மடங்கானால் எண்பத்தொரு மடங்கு. பிக்கப் மூன்று தரம் போய்வருவதை லொறி ஒரே தரத்தில் முடித்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்பத்தொன்றை மூன்றால் வகுத்தாலும் இருபத்தேழு மிஞ்சுகிறது.

இந்த இருபத்தேழை லொறிக்காரர் கட்டுவதில்லை, லீசிங் கம்பனியும் கட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொங்கிரீட்டின் விளிம்பு முதலில் உடையும். பக்கத்து மண் கரைந்து, சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்குக் குழியாகும். ஆட்டோக்காரர் சந்தியிலேயே நிறுத்திவிட்டு, மேலே வரக் கூட்டிக் கேட்பார். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவான ஒரு பெண், அந்தக் குழியின் விலையை நாள்தோறும் கட்டிக்கொண்டிருப்பாள். லாபம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. அந்த இன்னொருவரிடம் யாரும் சம்மதம் கேட்டதுமில்லை. பெரிய லொறிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் இதுதான் கனமானது.

அகலமும் உண்டு. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில், பாறை சரிந்து வீதி ஒடுங்கியிருந்த இடத்தில், எதிரே வந்த டிப்பரைக் கடக்கும்போது லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரதான வீதியிலேயே இதுதான் நிலைமை. லயத்து வாசலை உரசிக்கொண்டு போகிற பாதையில் ஒதுங்குவதற்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது மலைகள் பல இடங்களில் சரிந்து வீதிகளை மூடின. பாதி இடிந்த பாதையில் பிக்கப் போகிற இடமெல்லாம் லொறி போகாது.

இன்னொன்றைத் தராசில் வைப்பது கடினம். டபுள் கெப் என்றால் பதிவுப்படி ஆளும் ஏறலாம், சாமானும் ஏற்றலாம். லொறியில் அப்படியில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018இல்தான் ஊவாவுக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும், நடுச்சாமத்தில் வலி கண்ட பெண்ணைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய வண்டி பக்கத்து லயத்துப் பிக்கப்தான். பிணம் வீடு திரும்புவதும் அதில்தான். அதை விற்றுவிட்டால் லயத்துக்கு அந்த இருக்கை இல்லாமல் போகும். இந்த உதவியைக் கடமை என்று அவர் தலையில் கட்டுவது அநியாயம். நோயாளியை ஏற்றிச் செல்வது அரசாங்கத்தின் வேலை. ஆனால் அவருடைய தொழில் வளர்ந்ததும் அதே லயத்து மூட்டைகளால், அதே ஆட்கள் தள்ளிவிட்டு ஏற்றிய மேட்டால். கடனுக்கும் தர்மத்துக்கும் நடுவில் இருக்கிற ஒன்று இது, உறவு என்று சொல்லலாம். விற்கிறவர் ஒரு தரம் அதை நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார். அதற்கு மேல் அவரிடம் கேட்க முடியாது.

சிறியவரை மட்டும் கூண்டில் நிறுத்துவதும் சரியில்லை. கம்பனியின் கொழுந்து லொறி இதே பாதையைத் தினமும் அரைக்கிறது. பதுளை நகரத்தில் ஒரு மூட்டைகூட ஏற்றாமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு உலாவும் புது டபுள் கெப்புகளுக்கு என்ன தேவை? அமெரிக்காவில் இந்த நோய் முற்றிவிட்டது. முன்மூடி நாற்பது அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்த முன்மூடி உள்ளவற்றோடு ஒப்பிட ஏறக்குறைய 45 வீதம் கூடுகிறது என்று அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023இல் கண்டது. பெருமைக்காக உயரும் வாகனமும் வயிற்றுக்காகப் பெருக்கும் வாகனமும் ஒன்றல்ல. கண்டனத்தில் பெரும்பங்கு முதலாவதற்கே போக வேண்டும்.

வயிற்றுக்காக வாங்குகிறவரும் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது, அன்றைய ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு இரண்டு லீற்றர்தான் கிடைத்தது. தவணை தவறினால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் பூரண உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது லீசிங் கம்பனியின் பெயர். உறுதி இல்லாதவர் தன் பெயரில் ஒன்று வேண்டும் என்று தேடிப்போய், அதிலும் இன்னொருவர் பெயரைச் சுமந்து நிற்கிறார்.

ஆகவே தீர்ப்பு இப்படி இருக்கலாம். வெலிமடை, கெப்பெட்டிப்பொலை, தம்புள்ளை என்று தார் வீதியில் ஓடி, சந்தியிலேயே நின்று, மேலிருந்து சின்னப் பட்டா லொறியிலோ பிக்கப்பிலோ இறங்கும் மரக்கறியை ஏற்றுகிற லொறி என்றால் வாங்குவதில் குறையில்லை. லயத்து வாசல்வரை ஏற வேண்டிய வண்டி என்றால் பழைய அளவைத் தாண்டாமல், பிரேக் நல்ல வண்டியாகப் பார்த்து வாங்குவதே நியாயம். லீசிங் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், சந்தியிலிருந்து லயம்வரை உள்ள பாதையை ஒரு மழை நாளில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.