கூட்டத்தில் நான் எங்கே?

1955 ஆகஸ்டில், அமெரிக்காவின் தெற்கு மாநிலமான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வெள்ளையர்களை, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு அடுத்த மாதமே விடுதலை செய்தது. சில மாதங்கள் கழித்து அவர்களே ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

இதை நாடகமாக்கத் துணிந்தவர் ராட் செர்லிங். இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரராக இருந்தவர். பின்பு தொலைக்காட்சி எழுத்தாளர் ஆனவர். தெற்கு மாநிலத்தார் கோபித்துக்கொண்டால் வியாபாரம் கெடுமே என்று விளம்பரதாரர்கள் அஞ்சினார்கள். 1956 ஏப்ரலில் நாடகம் ஒளிபரப்பானபோது, கதை வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்குப் போயிருந்தது. கொல்லப்பட்டவன் யாரோ ஓர் அயல்நாட்டான். தெற்கை நினைவூட்டும் என்று ஒரு குளிர்பானப் புட்டியைக்கூட அகற்றிவிட்டார்கள். 1958இல் மறுபடி முயன்றார். அந்தக் கதையையும் முந்தைய நூற்றாண்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

1959 அக்டோபரில் செர்லிங் வேறு வழியில் வந்தார். வேற்றுக்கிரகவாசிகளும் விசித்திரங்களும் நிறைந்த 'தி ட்விலைட் ஸோன்' தொடர். மொத்தம் 156 கதைகள். அவற்றில் 92 அவரே எழுதியவை. மனிதர்கள் பேசினால் தடைபடும் விஷயத்தை, செவ்வாய்க்கிரகத்தார் வரும் கதையில் தாராளமாகச் சொல்ல முடிந்தது.

1960 மார்ச்சில் வந்த கதை ஒன்று. அமைதியான ஒரு தெருவில் மின்சாரம் போகிறது. தொலைபேசி வேலை செய்யவில்லை, கார்கள் கிளம்பவில்லை. வேற்றுக்கிரகத்தார் மனிதக் குடும்பம்போல் வேடமிட்டு முன்னதாகவே வந்துவிடுவார்கள் என்று, தான் படித்த கதையைச் சொல்கிறான் ஒரு சிறுவன். ஒருவருடைய கார் மட்டும் தானாகக் கிளம்புகிறது. போதாதா? நேற்றுவரை அண்டை வீட்டுக்காரராக இருந்தவர் சந்தேகத்துக்குரியவர் ஆகிறார். இருட்டில் நடந்துவரும் உருவத்தை ஒருவர் சுடுகிறார். செத்தவர், பக்கத்துத் தெருவில் நிலைமையைப் பார்த்துவரப் போன அதே தெருக்காரர். தெருவே கல்லெடுத்துக்கொள்கிறது. உண்மையான வேற்றுக்கிரகத்தாரோ குன்றின் மேல் நின்று பார்க்கிறார்கள். அவர்கள் செய்ததெல்லாம் மின்சாரத்தோடு விளையாடியது மட்டுமே.

செய்தி படிக்கும்போது நாம் எல்லோரும் நீதிபதிகள். கொன்றவன் வேறு ஊர், வேறு இனம், வேறு கட்சி. அவனைத் திட்டிவிட்டால் மனம் லேசாகிவிடுகிறது. கதை அப்படி விடுவதில்லை. ஊர் பெயரையும் நிறத்தையும் கட்சியையும் எடுத்துவிட்டு ஒரு தெருவை மட்டும் காட்டும்போது, யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் அந்தத் தெருவுக்குள் நாமும் இறங்கிவிடுகிறோம். அந்தச் சந்தேகம் நமக்கும் நியாயமாகவே படுகிறது. குண்டு பாய்ந்த பிறகுதான், நாம் நின்றது யாரோடு என்று உறைக்கிறது.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை கடத்த வந்தவர் என்று நினைத்து ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியே அதற்கு மூலம். அடித்தவர்கள் வேற்றுக்கிரகத்தார் அல்லர். பிள்ளை குட்டி உள்ளவர்கள், ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியவர்கள்.

அதனால்தான் பேய்க்கதையையும் துப்பறியும் கதையையும் அறிவியல் கதையையும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. நாட்டு நடப்பை எழுதுகிறவர் குற்றவாளியைச் சுட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. வாசகரையும் அந்தக் கூட்டத்தில் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும்.

இன்று உங்களை ஆத்திரப்படுத்தும் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வரும். அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரே ஒரு கேள்வி: இது பொய்யாக இருந்தால், நான் யார்மேல் கல்லெறிந்தவன் ஆவேன்?