தானப்பா மறைத்த கடிதம்

கடந்துபோன நாள்களை எண்ணி ஏங்குவது மனித இயல்பு. நடுவயதைத் தாண்டியோர் கூடுமிடத்தில், ‘அந்தக் காலம்போல் வருமா?’ என்ற பெருமூச்சு எழாமல் இராது. இவ்வேக்கம் நல்லதா, தீயதா என்று கேட்பதைவிட, அது உண்மையுள்ளதா என்று கேட்பதே பொருத்தம். நம்முள் பலர் இன்றும் நினைந்து மகிழும் ‘மால்குடி டேஸ்’ தொடரைக் கொண்டே இதனை ஆராயலாம்.

சென்னையில் 1906இல் பிறந்த ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளை, கன்னடக் கலைஞர் சங்கர் நாக் 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனுக்காகப் படமாக்கினார். எல். வைத்தியநாதனின் இசையும், ஆசிரியரின் தம்பி ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்களும் அதற்கு அணி சேர்த்தன. சுவாமி என்னும் சிறுவனின் கதை சில வாரங்கள் தொடர்ந்தது. ஏனையவை பெரும்பாலும் தனித்தனியே நிறைவுறும் சிறுகதைகள். தமிழ் மணம் கமழும் அக்கதைகள் இந்தி பேசியே நம் இல்லங்களுக்கு வந்தன. உரையாடல் முழுவதும் விளங்காத வீடுகளிலும் அம்முகங்கள் விளங்கின.

மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். ஆயினும், படப்பிடிப்பு நிகழ்ந்த கர்நாடகத்து ஆகும்பேயைத் தேடி இன்றும் மக்கள் செல்கின்றனர். தொடரில் மால்குடி நிலையமாகத் தோன்றிய அரசாளு இரயில் நிலையத்தில், 2020இல் ஓர் அருங்காட்சியகமே அமைந்துவிட்டது. இல்லாத ஊருக்கு நினைவிடம்! அங்குச் செல்வோர் தேடுவது ஓர் ஊரை அன்று. ஒரே பெட்டியின் முன் வீடு முழுவதும் அமர்ந்திருந்த மாலைப் பொழுதை. ‘அன்று குடும்பங்கள் ஒன்றாக இருந்தன, தந்தையர்க்குப் பிள்ளைகளோடு இருக்க நேரம் இருந்தது’ என்பதே அவ்வேக்கத்தின் சாரம்.

ஆனால் அத்தொடர் சொன்னது என்ன? ‘மாதம் நாற்பத்தைந்து ரூபாய்’ என்னும் கதையை நினைவுகூர்வோம். சாந்தா என்னும் சிறுமியைத் திரைப்படத்திற்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்த தந்தை வேங்கடராவ், அலுவலகத்தில் அகப்பட்டுக்கொள்கிறார். வெகுண்டு, வேலையை உதறக் கடிதம் எழுதுகிறார். ஐந்து ரூபாய் ஊதிய உயர்வு என்றதும் அதனைக் கைவிடுகிறார். வீடு திரும்பும்போது, உடுத்திய புத்தாடையோடு குழந்தை உறங்கிவிட்டிருக்கிறது. பிள்ளைக்கு நேரமில்லாத தந்தை நம் காலத்துப் படைப்பு என்போர், தாம் போற்றும் தொடரையே மறந்துவிட்டனர்.

நினைவு ஏன் இவ்வாறு மறைக்கிறது? இதற்கும் அத்தொடரிலேயே ஒரு கதை உண்டு. தபால்காரர் தானப்பா தம் தெருவினரின் இன்ப துன்பங்களில் பங்குகொள்பவர். இராமானுஜத்தின் மகள் காமாட்சியின் திருமணம் நெருங்கும்போது, உறவினர் ஒருவரின் சாவுச் செய்தி வருகிறது. செய்தி தெரிந்தால் திருமணம் நின்றுபோகும். தானப்பா அதனைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். மணவிழா இனிதே நடந்தேறுகிறது. எந்தப் பொய்யும் ஆகாது என்றார் புனித அகுஸ்தினார். குற்றமற்ற நன்மை விளையுமெனில் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கும் என்றார் வள்ளுவர். இவ்விருவருக்கும் இடையே தவித்து நிற்கிறார் அந்த எளிய மனிதர்.

நம் நினைவும் ஒரு தானப்பாதான். விழா தடைபடாதிருக்கச் சில கடிதங்களை அது மறைத்து வைத்திருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த அந்நாளில் உள்ளே அழைக்கப்படாமல் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் தெரிவர். அடுக்களைப் பணியினூடே ஒலியை மட்டும் கேட்ட தாய்மார் தெரிவர். நாம் ஒன்றாக அமர்ந்ததற்கு அன்பு மட்டுமே காரணமன்று, பார்ப்பதற்கு வேறு அலைவரிசை இல்லாமையும் ஒரு காரணம் என்பதும் தெரியவரும்.

அப்படியாயின் அம்மகிழ்ச்சி பொய்யா? அன்று. கதையின் முடிவைக் கவனிக்க வேண்டும். தானப்பா அக்கடிதத்தை எரித்துவிடவில்லை. பின்னர் ஒரு நாள் தாமே கொண்டுவந்து கொடுத்து, புகார் செய்தால் தம் வேலை போகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். இராமானுஜம் வருந்துகிறார், ஆனால் புகார் செய்யவில்லை. காமாட்சியின் திருமணமும் திருமணமாகவே நிலைத்து நிற்கிறது. தாமதமாக வந்த உண்மை, நடந்த நன்மையை அழித்துவிடுவதில்லை.

ஏக்கத்திற்கும் இதுவே நெறி. துயர வேளையில் அது நமக்குச் சிறிது இன்பம் தரட்டும். ஆனால் கடிதத்தை என்றென்றும் மறைத்தல் ஆகாது. மறைத்தால், இல்லாத பொற்காலத்தைக் காட்டி இன்றைய பிள்ளைகளைப் பழிக்கும் அநீதிக்கு நாம் ஆளாவோம். உண்மையை ஏற்றுக்கொண்டவர்க்கோ, தாம் ஏங்குவது இன்னதெனத் தெளிவாகும். அது பெட்டியன்று, அந்த ஆண்டுகளும் அல்ல. ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்து, ஒன்றையே கண்டு, சேர்ந்து நகைத்ததும் கலங்கியதுமேயாகும். அதற்கு 1980கள் திரும்பி வர வேண்டுவதில்லை. சாந்தா உறங்கிப்போகுமுன் வேங்கடராவ் வீடு திரும்பினால் போதும்.